சத்துணவு டீச்சர் சொன்ன நன்றிகள்

எங்கள் தெரு அன்பியத்தில் நன்றி சொல்லும் நேரம் வந்ததும் எல்லாரும் ஒருமுறை டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். அவர் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விடமாட்டார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அன்பியம் அப்போது காரைக்குடிக்குப் புதிது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சாமியார், கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைத் தெருத்தெருவாகப் பிரித்தார். வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒரு வீட்டில் கூட வேண்டும். சுவிசேஷம் வாசித்து, செபம் சொல்லி, அந்த வீட்டில் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுக் கலைய வேண்டும். எங்கள் தெருவுக்கு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் தலைவர். செபத்தின் கடைசியில், அந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மைக்கு ஒவ்வொருவரும் வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டும். மற்றவர்கள் "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்று சேர்ந்து சொல்ல வேண்டும்.

மற்றவர்களிடம் சொல்வதற்குப் பெரிய விஷயங்கள் இருந்தன. மகனுக்குத் துபாய் விசா வந்தது. மகளுக்கு நர்சிங் சீட்டு கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போஸ்ட்மாஸ்டர் சார் உலக சமாதானத்தில் ஆரம்பித்துத் தன் மூட்டுவலியில் வந்து முடிப்பார். பிறகு டீச்சர் முறை.

"இந்த வாரம் வந்த அரிசியில வண்டு கம்மி. அதுக்காக ஆண்டவருக்கு நன்றி."

"ஆண்டவரே, உமக்கு நன்றி" என்போம். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சிரிக்கும். டீச்சர் திரும்பிப் பார்ப்பார். "ஏன் சிரிக்கிறீங்க? வண்டு பொறுக்கிப் பாத்திருக்கீங்களா?" என்பார். யாரும் பார்த்திருக்கவில்லை.

டீச்சர் என்று சொல்கிறேனே தவிர அவர் டீச்சர் இல்லை. அமராவதிபுதூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அரிசி பருப்பு வாங்கி வைப்பது, சமையல் ஆட்களை வேலை வாங்குவது, மத்தியானம் பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்துச் சோறு போடுவது அவர் வேலை. எங்கள் பக்கம் அந்த வேலை பார்ப்பவர்களையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் எடுக்கும் டீச்சர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. இவர் அதற்கும் ஒருமுறை நன்றி சொன்னார். "படிக்காமலே டீச்சர்னு கூப்பிட வச்சதுக்காக ஆண்டவருக்கு நன்றி" என்றார், இரண்டு நிஜ டீச்சர்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில்.

உயரமான, ஒல்லியான மனுஷி. ஐம்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல் என்பதால் ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும். சேலையில் எப்போதும் விறகுப் புகை வாசம் இருக்கும். புருஷன் இறந்து பல வருஷமாகியிருந்தது. ஒரே மகளைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்துவிட்டு எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். நான் தேவகோட்டையிலிருந்து கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தவள். எங்கள் வீட்டில் நான், கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர், என் மாமியார் ஆகிய மூன்று பேர்தான். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

டீச்சர் நன்றி சொல்ல அன்பியம் வரைக்கும் காத்திருக்கமாட்டார். எது நடந்ததோ அங்கேயே, அப்போதே, உரக்கச் சொல்லிவிடுவார். ஒருநாள் தேவகோட்டை பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்தேன். பஸ் கிளம்பிய பிறகு இவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். டிரைவர் பார்த்து நிறுத்தினார். மூச்சு வாங்க ஏறிய டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவருக்கு நன்றி" என்றார்.

கண்டக்டருக்கு இது பிடிக்கவில்லை. "பிரேக்கைப் போட்டது எங்க டிரைவரு. நன்றி ஆண்டவருக்கா?"

"டிரைவருக்கு மாசம் பிறந்தா சம்பளம் வருது. ஆண்டவருக்கு யாரு குடுக்கிறா?"

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதன்பிறகு அந்தக் கண்டக்டர் அவரைப் பார்த்தால், "ஏறுங்க டீச்சர், ஆண்டவர் நிப்பாட்டியிருக்காரு" என்று சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னவரை ஆமோதிப்பதுபோல் தலையாட்டிவிட்டு ஏறுவார்.

அத்தைக்கும் இந்த விஷயத்தில் மனக்குறை இருந்தது. அத்தை நன்றாக மீன் குழம்பு வைப்பார். ஒரு கிண்ணம் டீச்சருக்குப் போகும். டீச்சர் கிண்ணத்தை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்துபார்த்து, மேலே நிமிர்ந்து நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

"மீனு வாங்குனது நானு, அலசுனது நானு, மசாலா அரைச்சது நானு" என்று அத்தை என்னிடம் வந்து சொல்வார். "இவுக மோட்டு வளையப் பாத்துச் சொல்லிட்டுப் போறாக."

ஆனால் கிண்ணம் ஒருநாளும் வெறுமனே திரும்பி வந்ததில்லை. முருங்கைக்கீரையோ, அதிரசமோ, மகள் கொண்டுவந்த திராட்சையோ இருக்கும். ஒருமுறை அத்தை பொறுக்கமுடியாமல் நேராகவே கேட்டுவிட்டார். டீச்சர் யோசிக்கவே இல்லை.

"உங்களுக்குக் கிண்ணத்துல போட்டுக் குடுத்துரலாம். அவருக்கு என்னத்தக் குடுக்கிறது? வாயால சொன்னாத்தான் உண்டு."

அத்தை அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஆனாலும் குழம்பு கொடுக்கும்போது, "உப்பு சரியாயிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார். ஆண்டவருக்குப் போவதுபோகத் தனக்கும் ஏதாவது வரட்டும் என்றுதான்.

டீச்சரிடம் இன்னொரு கறார் உண்டு. வராததற்கு நன்றி சொல்லமாட்டார். ஒரு வருஷம் கோயிலில் தியானம் கொடுக்க வந்த பிரசங்கியார் ஒருவர், கேட்டதைப் பெற்றுக்கொண்டதாகவே நம்பி முன்கூட்டியே நன்றி சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். போஸ்ட்மாஸ்டர் சாருக்கு அது பிடித்துப்போனது. அடுத்த கூட்டத்திலேயே, "எங்க மகளுக்கு நீர் தரப்போகிற நல்ல மாப்பிள்ளைக்காக இப்போதே நன்றி செலுத்துகிறோம்" என்றார். எல்லாரும் "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்றோம்.

"வந்து சேரட்டும் சார்" என்றார் டீச்சர். "ரெண்டு மாசம் பாத்துட்டுச் சொல்லிக்கலாம்."

சாருடைய சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

இதையாவது விசுவாசக் குறைவு என்று விட்டுவிடலாம். கூரை விஷயம் அப்படி விடக்கூடியதாக இல்லை. பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டார்கள். டீச்சர் அன்பியத்தில் நன்றி சொன்னார். அந்த வாரமே மழை பெய்தது. அடுத்த கூட்டத்தில் டீச்சர் முறை வந்தபோது எழுந்து நின்றார். சாதாரணமாக எழுந்திருக்கமாட்டார்.

"போன வாரம் கூரைக்கு நன்றி சொன்னேன். அது ஒழுகுது. சாம்பார் ரசமாயிருச்சு. அதனால அந்த நன்றியத் திரும்ப வாங்கிக்கிறேன்."

பழக்கத்தில் இரண்டு பேர் "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். போஸ்ட்மாஸ்டர் சார் கலங்கிப்போனார். அனுப்பிய மணியார்டரைத் திரும்பக் கேட்டால் அதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது; இதற்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டீச்சரை அழைத்துக்கொண்டு சாமியாரிடம் போய்விட்டார். நாங்களும் தற்செயலாகப் போவதுபோல் பின்னால் போனோம்.

சாமியார் இளவயதுக்காரர். பொறுமையாகக் கேட்டார். "ஆண்டவர் குடுத்தது கூரை. ஒழுகவிட்டது கொத்தனார். அதனால நன்றி அப்படியே இருக்கட்டும்" என்றார்.

டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் போட்டுப் பார்த்தார். "சரி சாமி. கூரைக்கு இருக்கட்டும். ஒழுகுற மூலைக்கு மட்டும் கழிச்சுக்கிறேன்."

சாமியார் அதற்குச் சம்மதித்தார் என்றுதான் நினைக்கிறேன். வேகமாக உள்ளே போய்விட்டார்.

டீச்சர் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் மகளோடு திண்டுக்கல் போய்விட்டார். எனக்கு இப்போது பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டு பேரும் டீச்சரைப் பார்த்ததில்லை. அவர்களிடம் பஸ் கதையையும் கூரைக் கதையையும் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்லப்போவதை ஒழுங்காக உட்காரவைத்துச் சொன்னதில்லை.

அவர்களுக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் இருந்தான்.

நான் முழுகாமல் இருந்தபோது அன்பியத்தில் ஆளாளுக்கு நல்வாக்குச் சொன்னார்கள். ஆண் பிள்ளை, சாமியாராகப் போவான், கலெக்டராக வருவான் என்றெல்லாம் சொன்னார்கள். டீச்சர் அந்தந்த வாரத்தோடு நிறுத்திக்கொள்வார். கூட்டத்துக்கு வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் எட்டிப்பார்த்து, "என்ன, உதைச்சானா?" என்று கேட்பார். நான் ஆமாம் என்றால், கூட்டத்தில், "ரீத்தா வயித்துல பிள்ளை இந்த வாரம் நல்லா உதைச்சுச்சு. அதுக்கு நன்றி" என்பார். கண் பட்டுவிடும் என்று அத்தைக்குப் பயம். டீச்சர் வீட்டுப் பக்கம் பார்த்து அத்தை உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். அவ்வளவு சுத்தமான கத்தோலிக்கக் குடும்பம்.

எட்டாம் மாசம் முடியும் சமயத்தில் ஒருநாள் உதைக்கவில்லை. மறுநாளும் உதைக்கவில்லை. நர்சிங் ஹோமுக்குப் போனோம். டாக்டரம்மா வயிற்றின்மேல் குழாயை வைத்து நகர்த்தி நகர்த்திக் கேட்டார். பிறகு என் கணவரை வெளியே கூப்பிட்டார். இதில் யார்மேலும் குற்றமில்லை. சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகிவிடும் என்றார்கள். பிரசவம் மட்டும் மற்றவர்களுக்கு ஆவதுபோலவே ஆனது. பையன். எனக்குக் காட்டவில்லை. பார்த்தால் தாய் மனசு தாங்காது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் மயக்கத்தில் கிடக்கும்போதே என் கணவர் வாங்கிக்கொண்டு போய்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து படுத்திருந்தேன். பால் கட்டிக்கொண்டது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். பார்க்க வந்தவர்கள் ஆப்பிள் கொண்டுவந்தார்கள். கூடவே நன்றியும் கொண்டுவந்தார்கள். "தாயாவது பிழைச்சியே, நன்றி சொல்லு." "பாவம் அறியாம போனான், மோட்சத்துல சம்மனசாயிட்டான், நன்றி சொல்லு." "இதவிட நல்லதா ஒண்ணு வச்சிருப்பாரு, நன்றி சொல்லு." எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டீச்சரும் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குரல் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். எழுந்து போகும்போது அழுக்குத் துணிக் கூடையை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் துவைத்து மடித்துத் திரும்ப வந்தது.

கொஞ்ச நாளில் அன்பியம் கூடும் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. வேறு வீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று போஸ்ட்மாஸ்டர் சார் கேட்டார். "இங்கனயே இருக்கட்டும். வீட்டுல செபச் சத்தம் கேக்கணும்" என்றார் அத்தை.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நன்றி சொல்லும் நேரம் வந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டு, நிஜமாகவே உருகித்தான் செபித்தார். "இந்த வீட்டுப் பிள்ளையை உமது பக்கத்தில் சம்மனசாக ஏற்றுக்கொண்டதற்காக, ஆண்டவரே, உமக்கு நன்றி சொல்லுகிறோம்."

"ஆண்டவரே, உமக்கு நன்றி" என்றார்கள் எல்லாரும்.

"நான் சொல்லல" என்றார் டீச்சர்.

சார் கண்ணைத் திறந்தார்.

"நீங்க நல்ல மனசோடதான் சொல்லுறீக. ஆனா இதுக்கு நான் நன்றி சொல்லமாட்டேன் சார். சொன்னா அவரே நம்பமாட்டாரு."

"டீச்சர், எல்லாத்துக்கும் நன்றி சொல்லணும்னுதானே நமக்குச் சொல்லிக் குடுத்திருக்கு?"

"அந்தப் பிள்ளை வாயப் பாருங்க சார்."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பழக்கத்தில் நானும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். நிறுத்தியதும் அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை, வீட்டுக்கு வந்து வராத அழுகை, அத்தனை பேர் நடுவில் வந்தது. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

"எம் மருமகள அழவைக்கத்தான் வந்தீகளா?" என்றார் அத்தை.

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்று போட்ட டீ அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் சார் வந்தார். அத்தையிடம், "நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டார். "எங்களுக்கு மூத்தது ஒண்ணு தவறுனப்ப எங்கப்பா அப்படித்தான் செபம் சொன்னாரு. எனக்கு அதுதான் தெரியும்." அவர்களுக்கு மூத்ததாக ஒன்று இருந்தது என்பதே அத்தைக்கு அன்றுவரை தெரியாது.

அதன்பிறகு டீச்சர் அன்பியத்துக்கு வரவில்லை. அத்தை கிண்ணம் கொடுத்தனுப்புவதை நிறுத்திவிட்டார். டீச்சர் பெந்தெகொஸ்தேயில் சேர்ந்துவிட்டார் என்று பேச்சு எழுந்தது. பூசையில் அவரைப் பார்த்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. அன்பியத்தில் நன்றி சொல்லும் நேரம் சுருங்கிப்போனது. விசாவுக்கும் சீட்டுக்கும் நன்றி சொல்பவர்கள்கூட சட்டென்று சொல்லி முடித்தார்கள்.

ஒருநாள் அத்தை சந்தைக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சர் வாசலில் நின்றார்.

"உள்ள வரலாமா, இல்ல இங்கனயே நிக்கணுமா?"

"வாங்க டீச்சர்."

வந்து உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுக்காரரு போனப்பவும் எல்லாரும் வந்து நன்றி சொல்லு நன்றி சொல்லுன்னாக. என்னால முடியல. சண்டை போடவும் தெம்பு இல்ல. நானும் ஆண்டவரும் ரொம்ப நாளு பேசிக்கல. கோயிலுக்குப் போவேன், அவர் பாட்டுக்கு அவர் இருப்பாரு, நான் பாட்டுக்கு நான் இருப்பேன். ஒருநாள் மத்தியானம் நல்ல மழை. நல்லாருக்குன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். பக்கத்துல யாரும் இல்ல. அப்படியே மறுபடி ஆரம்பிச்சுக்கிட்டோம்."

பிறகு என்னைப் பார்த்தார். "உதைச்சதுக்கு நன்றி சொன்னேன்ல, அத நான் திரும்ப வாங்கல. அவன் உதைச்சது நெசம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உட்கார்ந்தே இருந்தார். வெகுநேரம் கழித்து, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

"அவன் எப்படி இருந்தான்னுகூட எனக்குத் தெரியாது டீச்சர்."

"உன் வீட்டுக்காரரக் கேக்கலாம்ல?"

"கேட்டேன். சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு."

டீச்சர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவர் என்ன செய்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பஸ்ஸிலிருந்து எங்கள் தெருவில் இறங்காமல் நேரே அந்த நர்சிங் ஹோமுக்குப் போயிருக்கிறார். என் பிரசவத்தன்று வேலையில் இருந்த ஆயா யார் என்று விசாரித்திருக்கிறார். அந்த ஆயா லீவில் போயிருந்தார். மறுபடி போனார். அப்போதும் வரவில்லை. நர்ஸ்களுக்கு இவர் யார், எதற்கு வருகிறார் என்று புரியவில்லை. வேலை கேட்டு வந்தவர் என்று நினைத்து, ஆள் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் ஆயாவின் வீடு ரயில்வே கேட்டுக்கு அங்குட்டு என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கே போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை காலையில் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை அடுப்படியில் இருந்தார். டீச்சரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. என் எதிரே உட்கார்ந்து, சாமான் வந்து இறங்கியதைச் சொல்வதுபோல் அதே குரலில் சொன்னார்.

"தலை நிறைய முடியாம். கறுப்பா, அடர்த்தியா. நெத்தி அகலமாம். கை விரலு நீளமாம். வெந்நி வச்சுக் குளிப்பாட்டித்தான் குடுத்துச்சாம் அந்த ஆயா. உசுரோட இருக்கிற பிள்ளைக்கு எப்படிச் செய்வாகளோ அப்படித்தான், காது மடலு, கை இடுக்கு எல்லாம் துடைச்சு, பவுடர் போட்டுச்சாம். ஆஸ்பத்திரித் துணியில சுத்திக் குடுக்க மனசு வரலையாம். தன் வீட்டுக்குன்னு வாங்கிப் பையில வச்சிருந்த புதுத் துண்டுல சுத்திக் குடுத்துச்சாம்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அத்தை வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன கலரு துண்டு?" என்று கேட்டார்.

"மஞ்சளாம். பச்சைக் கரை."

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு நான் கேட்டேன்.

"டீச்சர், இதுக்கு நன்றி சொல்லலாமா?"

"அது உன் இஷ்டம். நான் வர்ற வழியிலயே சொல்லிட்டேன்."

அத்தை எழுந்து போய் டீ போட்டு வந்தார். டீச்சர் வாங்கிக் குடித்துவிட்டு, "சீனி சரியாயிருக்கு" என்றார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரம் அன்பியம் போஸ்ட்மாஸ்டர் சார் வீட்டில். டீச்சர் வந்திருந்தார். அத்தை நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார். என் கணவர் அன்பியத்துக்கு வரமாட்டார். டீச்சர் விசாரித்து வந்ததையெல்லாம் அத்தை அவரிடம் சொல்லியிருந்தார். அன்றைக்கு வேலை முடிந்து எங்களைக் கூட்டிப்போக வந்தவர், வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

என் முறை வந்தது. ஒருமுறை சொல்லிப்பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

"எங்க பிள்ளைய வெந்நியில குளிப்பாட்டி, புதுத் துண்டுல சுத்திக் குடுத்த அந்த அம்மாவுக்காக ஆண்டவருக்கு நன்றி."

பதிலை ஆரம்பித்துவைக்க வேண்டியவர் சார்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம்தான் ஆரம்பித்தார். "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். அடுத்தது டீச்சர். "எனக்கு இந்த வாரம் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அத ரீத்தா சொல்லிருச்சு" என்று முடித்துக்கொண்டார்.

டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். அத்தையும் டீச்சரும் முன்னால் போனார்கள். என் கணவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு வந்தார். தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பாதித் தூரம் போனபிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டீச்சர் சரியாச் சொல்லல."

"என்னத்த?"

"துண்டு மஞ்சள் இல்ல. வெந்தயக் கலரு."

நான் நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சைக்கிள் மணியைச் சத்தம் வராமல் கட்டைவிரலால் தடவிக்கொண்டே பேசினார்.

"முடி சுருட்டையா இருந்துச்சு. உங்க அப்பா மாதிரி. இடது காதுல ஒரு மடிப்பு. கனமா இருந்தான் ரீத்தா. நான் அவ்வளவு கனத்த எதிர்பாக்கல."

பேசிக்கொண்டே நடந்ததில் வீடு வந்துவிட்டது. அத்தை கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடாமல் பிடித்தபடியே நின்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.